உள்ளே உற்றுப் பார்த்தால் மட்டும் தவறு தெரிந்துவிடாது

கேள்வி இதுதான்: "என் குழுவில் மற்றவர்கள் சொல்வதை நான் நன்றாகக் காதுகொடுத்துக் கேட்பவன் என்றே இதுவரை நினைத்திருந்தேன். கூட வேலை செய்யும் இரண்டு பேர், தனித்தனியாக, அப்படி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நேர்மையாக யோசித்துப் பார்த்தேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. டன்னிங்-க்ரூகர் விளைவு (ஒரு திறமை குறைவாக உள்ளவர் அதில் தன்னை மிகையாக மதிப்பிடுவது) பற்றியும் மற்ற மனச்சாய்வுகள் (நமக்கே தெரியாமல் நம் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்வது) பற்றியும் நிறையப் படித்திருக்கிறேன். இவ்வளவு தெரிந்த பிறகும் என்னை நானே தவறாக எடைபோட முடியுமா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

முடியும். நீங்கள் நேர்மையாகத்தான் யோசித்திருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வகைத் தவறு நேர்மைக் குறைவால் வருவதில்லை, ஆகவே நேர்மையைக் கூட்டினாலும் போவதில்லை. தன்னைப் பற்றித் தவறாக நினைக்கும்போது மனதுக்குள் எந்த உறுத்தலும் இருக்காது. சரியாக நினைக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியேதான் இருக்கும். இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கீழே சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

முதலில் டன்னிங்-க்ரூகரை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதைப் பற்றி வெளியே உலவும் பேச்சு பெரும்பாலும் தவறு. ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து 1999இல் வெளியிட்ட கட்டுரை அது. மாணவர்களுக்கு நகைச்சுவை, தர்க்கம், ஆங்கில இலக்கணம் ஆகியவற்றில் தேர்வு வைத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்பீர்கள் என்று கேட்டார்கள். கடைசிக் கால்பங்கில் வந்தவர்கள் உண்மையில் நூற்றுக்கு 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். 62 பேரை முந்தியிருப்போம் என்று நினைத்தார்கள்.

இணையத்தில் ஒரு படம் சுற்றுகிறது. கொஞ்சம் தெரிந்தவுடன் தன்னம்பிக்கை மலையுச்சிக்கு ஏறும், பிறகு பள்ளத்தில் விழும், அப்புறம் மெல்ல மேலே வரும். அந்த வளைவு 1999 கட்டுரையில் கிடையாது. அங்கே இருப்பது ஏறக்குறைய சமதளமாக, லேசாக மேலேறும் ஒரு கோடு. மோசமாகச் செய்தவர்கள், நன்றாகச் செய்தவர்களைவிடத் தங்களை உயர்வாக நினைத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய எல்லோருமே "சராசரிக்குச் சற்று மேலே" என்றுதான் சொன்னார்கள். அப்படி எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால், கடைசியில் இருப்பவரின் பிழை தானாகவே பெரிதாகத் தெரியும். அவருக்குக் கீழே போக இடமில்லை, ஊகம் தப்பினால் மேல்நோக்கித்தான் தப்பும். அந்த விளைவில் கணிசமான பகுதி வெறும் புள்ளியியல் தோற்றம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டது இந்த அடிப்படையில்தான். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனாலும் அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மற்றவர்களின் விடைத்தாள்களை மாணவர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னது. முன்னணியில் இருந்தவர்கள் அவற்றைப் பார்த்தவுடன் தங்கள் இடத்தைச் சரியாகக் கணித்தார்கள், ஏனென்றால் அதுவரை மற்றவர்களுக்கும் இதெல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். பின்தங்கியவர்கள் அதே தாள்களைப் பார்த்தும் தங்கள் கணிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. மற்றொன்று, பின்தங்கியவர்களுக்குத் தர்க்கத்தில் சின்னப் பயிற்சி கொடுத்தது. பயிற்சி முடிந்ததும், முன்பு எழுதிய தேர்வில் தாங்கள் எங்கே சறுக்கினோம் என்பது அவர்களுக்கே தெரிந்தது. ஒரு வேலையைச் செய்யத் தேவையான திறமைதான், அந்த வேலையில் நடந்த தவறைக் கண்டுபிடிக்கவும் தேவை. இது ஒரு குறிப்பிட்ட திறமையைப் பற்றிய பேச்சு, ஆளைப் பற்றியது அன்று. அதை எடுத்து அடுத்தவரை முட்டாள் என்று முத்திரை குத்தப் பயன்படுத்துவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

"சராசரிக்கு மேலே" என்ற நினைப்பு எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு பழைய உதாரணம், ஓலா ஸ்வென்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வு. வண்டி ஓட்டும் திறமையில் நீங்கள் மேல் பாதியில் இருப்பீர்களா என்று கேட்டதற்கு, அமெரிக்கர்களில் 93 சதவீதமும் ஸ்வீடன்காரர்களில் 69 சதவீதமும் ஆமாம் என்று சொல்லும்படி பதிலளித்தார்கள். இதை ஆணவம் என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். நன்றாக ஓட்டுவது என்றால் என்ன என்பதை ஒவ்வொருவரும் தனக்குத் தோதாக வரையறுத்துக்கொள்கிறார்கள். வேகமாக ஓட்டுபவருக்கு அது சாமர்த்தியம், மெதுவாக ஓட்டுபவருக்கு நிதானம். இன்னொன்று, பந்துகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிக்கும் வித்தை மாதிரி எல்லோருக்குமே கடினமான விஷயத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாம் தலைகீழாகிறது. அதில் பெரும்பாலோர் தாங்கள் சராசரிக்குக் கீழே என்கிறார்கள். மற்றவர்களுக்கும் அது கடினம் என்பதை மறந்துவிடுகிறோம். நம்மைப் பற்றித்தான் நமக்கு நிறையத் தெரியும், மற்றவர்களைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், ஒப்பீடு அதனாலேயே கோணலாகிறது.

இனி உங்கள் விஷயத்துக்கு நேராக வரும் ஆய்வு. நிக்கலஸ் எப்லியும் டேவிட் டன்னிங்கும் 2000இல் வெளியிட்டது. ஒரு பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் நிதிக்காக டாஃபடில் பூ விற்கும் நாட்கள் வரப்போகின்றன. மாணவர்களிடம் முன்கூட்டியே இரண்டு கேள்விகள். நீங்கள் பூ வாங்குவீர்களா? உங்களோடு படிப்பவர்களில் எத்தனை சதவீதம் பேர் வாங்குவார்கள்? தாங்கள் வாங்குவோம் என்று 83 சதவீதம் பேர் சொன்னார்கள். மற்றவர்களில் 56 சதவீதம் பேர் வாங்குவார்கள் என்று கணித்தார்கள். விற்பனை முடிந்தபின் போய்க் கேட்டால், வாங்கியவர்கள் 43 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் நேரம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தவரைப் பற்றிய கணிப்பு உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. தன்னைப் பற்றிய கணிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தனைக்கும் தன்னைப் பற்றித்தான் ஒவ்வொருவரிடமும் அதிகத் தகவல் இருக்கிறது! அந்த அதிகத் தகவல்தான் ஏமாற்றியது. நான் பூ வாங்குவேனா என்று கேட்டால், நான் என் எண்ணத்தைப் போய்ப் பார்க்கிறேன். எண்ணம் நல்லதாகவே இருக்கிறது, உடனே ஆமாம் என்கிறேன். அடுத்தவர் வாங்குவாரா என்று கேட்டால் அவர் எண்ணம் எனக்குத் தெரியாது, ஆகவே இந்த மாதிரிச் சமயங்களில் ஆட்கள் பொதுவாக என்ன செய்வார்கள் என்று பார்க்கிறேன். மறதி, நேரமின்மை, கையில் காசு இல்லாதது எல்லாம் அந்தக் கணக்கில் தானாக வந்துவிடுகிறது. என் கணக்கில் வருவதில்லை. உங்கள் விஷயத்திலும் இப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம். கேட்க வேண்டும் என்ற எண்ணம் உங்களிடம் உண்மையாகவே இருக்கிறது, உள்ளே தேடியபோது கிடைத்ததும் அதுதான். உங்கள் சகாக்களுக்கு அந்த எண்ணம் தெரியாது. நீங்கள் குறுக்கே பேசிய தடவைகள் மட்டும் தெரியும்.

சரி, மனச்சாய்வுகளைப் பற்றி நிறையப் படித்தவருக்கு இது பொருந்துமா? எமிலி ப்ரோனினும் சகாக்களும் 2002இல் இதைத்தான் சோதித்தார்கள். பலவிதச் சாய்வுகளை விவரித்து, இது உங்களிடம் எவ்வளவு இருக்கிறது, மற்றவர்களிடம் எவ்வளவு என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் அதிகம், என்னிடம் குறைவு என்பதே பொதுவான பதில். தன்னை உயர்த்தி மதிப்பிட்டவர்களிடம், இப்படி மதிப்பிடுவதே ஒரு தெரிந்த சாய்வு என்று விளக்கிய பிறகும், தங்கள் மதிப்பீடு சரிதான் என்றார்கள் பெரும்பாலோர். 2012இல் வந்த வேறொரு ஆய்வில், அறிவுத்திறன் கூடுதலாக உள்ளவர்களிடம் இந்தக் குருட்டுப் புள்ளி சற்றும் குறையவில்லை. நாம் படித்த சாய்வுகளின் பட்டியல் கையில் இருந்தால், அது அடுத்தவரைப் பார்க்கத்தான் முதலில் உதவுகிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். நான் ஏன் இப்படிச் செய்தேன் என்பதாவது நமக்குத் தெரிகிறதா? ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டிமோதி வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேரும், இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேரும் தேர்ந்தெடுத்தார்கள். நான்கும் ஒரே சரக்கு. ஏன் இதை எடுத்தீர்கள் என்றால் நெசவு, மென்மை என்று காரணம் வந்தது. வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று நேராகக் கேட்டாலும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். 2005இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பெட்டர் யொஹான்சன், லார்ஸ் ஹால் ஆகியோரின் குழு இதைவிடத் துணிச்சலான ஒன்றைச் செய்தது. இரண்டு முகப்படங்களில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கைத்தந்திரத்தால் மற்றப் படத்தை நீட்டி, ஏன் இவரைப் பிடித்தது என்று கேட்டார்கள். பெரும்பாலான தடவைகளில் படம் மாறியது யாருக்கும் தெரியவில்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்கு வேண்டிய காரணங்களைச் சரளமாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணம் சொல்லும் வேலையை மனம் உடனடியாகச் செய்துவிடுகிறது, அது நினைவிலிருந்து எடுத்ததா அப்போது கட்டியதா என்று உள்ளேயிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை.

உலகத்தைப் பற்றிய நம் தீர்ப்பிலும் இதே சிக்கல்தான். சார்ல்ஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் ஸ்டான்ஃபர்டில் 1979இல் செய்த ஆய்வில், மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் எதிர்க்கும் மாணவர்களுக்கும் இரண்டு ஆய்வறிக்கைகளைக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனையால் குற்றம் குறைகிறது என்றது, மற்றது குறையவில்லை என்றது. இரு தரப்பும் தமக்குப் பிடித்த அறிக்கையை ஒழுங்கான ஆய்வு என்றும் பிடிக்காததை ஓட்டை என்றும் கண்டுபிடித்தன. ஒரே தாள்களைப் படித்த பிறகு, தங்கள் நிலைப்பாடு இன்னும் உறுதியாகிவிட்டது என்றார்கள் இரண்டு பக்கத்தினரும்.

என்னைப் பொறுத்தவரை இதன் தொடர்ச்சியாக 1984இல் வந்த ஆய்வுதான் பெரியது. இந்த முறை ஒரு குழுவிடம், முடிந்தவரை பாரபட்சமின்றி நடுநிலையாக எடைபோடுங்கள் என்று சொன்னார்கள். பயன் இல்லை. அவர்கள் ஏற்கெனவே நடுநிலையாகத்தான் இருக்கிறோம் என்று நம்பினார்கள், அந்த அறிவுரையில் அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இன்னொரு குழுவிடம் வேறு மாதிரி சொன்னார்கள்: ஒவ்வொரு கட்டத்திலும், இதே ஆய்வு எதிர்ப்பக்க முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பீட்டைத்தான் கொடுத்திருப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே சாய்வு குறைந்தது. நல்லவராக முயற்சி செய்வதால் கிடைக்காத ஒன்று, கேள்வியை மாற்றியதால் கிடைத்தது. நான் எதையாவது படித்து உடனே உடன்படும்போது இந்தக் கேள்வியை இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். சங்கடமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

அனுபவம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அனுபவமே தவறாகக் கற்றுக்கொடுக்கும் இடங்களும் உண்டு. உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்றுநர்களுக்கு வகுப்பு எடுத்தபோது, தண்டனையைவிடப் பாராட்டுதான் கற்க உதவும் என்று சொல்லியிருக்கிறார். மூத்த பயிற்றுநர் ஒருவர் மறுத்தார்: நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த தடவை மோசமாகப் பறக்கிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த தடவை திருந்துகிறான், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் பார்த்தது உண்மை, எடுத்த முடிவு தவறு. எவருக்கும் வழக்கத்தைவிட மிக நன்றாக அமைந்த ஒரு தடவைக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதைவிடச் சாதாரணமாகத்தான் இருக்கும். மிக மோசமான தடவைக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதைவிட மேலாக இருக்கும். பாராட்டும் திட்டும் இல்லாமலே அது நடக்கும். கானமன் தரையில் ஒரு குறி வரைந்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று நாணயம் எறியச் சொன்னார். முதல் தடவை குறிக்குப் பக்கத்தில் எறிந்தவர்கள் பெரும்பாலும் அடுத்த தடவை விலகினார்கள், விலகி எறிந்தவர்கள் பெரும்பாலும் நெருங்கினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. பாராட்டினால் கெடும், திட்டினால் திருந்தும் என்று வாழ்க்கை நமக்கு ஒரு பொய்ப் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்துகிறது என்பதைத்தான் அவர் அங்கே கண்டுகொண்டார். நீங்களும் ஒரு குழுவில் வேலை செய்வதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

நினைவையும் நம்ப முடியாது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போவதற்கு முன், அங்கே என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பரூக் ஃபிஷாஃபும் ரூத் பெய்த்தும் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்தபின், முன்பு என்ன எண் கொடுத்தீர்கள் என்று கேட்டபோது, நடந்துவிட்டவற்றுக்குத் தாங்கள் உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்ததாக நினைவுகூர்ந்தார்கள். நமக்கு முன்பே தெரியும் என்ற உணர்வு இப்படிப் பிறகு தயாராவது. அதனால்தான் கணிப்பைத் தாளில் எழுதி வைக்காதவர் தன் கணிப்புத் திறமையைப் பற்றி எதுவும் கற்றுக்கொள்வதில்லை.

அப்படியானால் எது உதவுகிறது? வெளியே இருக்கும் கணக்கு, வெளியே இருக்கும் கண், இவை இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கணக்குக்கு ஓர் உதாரணம். 1994இல் ரோஜர் ப்யூலர், டேல் க்ரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிக் கணிப்பு 33.9 நாட்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்றதற்கு 48.6 நாட்கள். உண்மையில் ஆனது 55.5 நாட்கள். தன் வேலையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக் கணித்தால் இப்படித்தான் ஆகும். இதேபோன்ற வேலை போன தடவை எத்தனை நாள் எடுத்தது என்று பழைய பதிவைப் பார்த்துக் கணித்தால் பிழை வெகுவாகக் குறைகிறது. ஒரு தொழிலே இப்படிச் சரியாகியிருக்கிறது: 30 சதவீதம் மழை வாய்ப்பு என்று அமெரிக்க வானிலைக் கணிப்பாளர்கள் சொன்ன நாட்களில், ஏறக்குறைய 30 சதவீத நாட்களில் மழை பெய்தது என்று 1970களில் ஆலன் மர்ஃபியும் ராபர்ட் விங்க்லரும் காட்டினார்கள். கணிப்பு எண்ணாக இருக்கிறது, விடை மறுநாளே தெரிகிறது, தப்பிக்க இடமில்லை.

கண்ணுக்கு உதாரணம், 1999இல் டாரா மெக்டொனால்டும் மைக்கேல் ராஸும் செய்தது. காதலிக்கும் மாணவர்களிடம் இந்த உறவு எவ்வளவு காலம் நீடிக்கும் என்று கேட்டார்கள். அவர்களின் அறைத்தோழர்களிடமும் பெற்றோரிடமும் அதையே கேட்டார்கள். காதலர்களுக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் மற்றவர்களின் கணிப்பே சரிக்குப் பக்கத்தில் இருந்தது. இதை வைத்து எல்லாவற்றிலும் அடுத்தவர் சொல்வதே சரி என்று போய்விட வேண்டாம். 2010இல் சிமின் வஸீர் இதைப் பிரித்துக் காட்டினார். பதற்றம் போன்ற உள்ளே நடக்கும் விஷயங்களை ஒருவர் தானேதான் நன்றாக அறிகிறார். அறிவுக்கூர்மை, படைப்புத்திறன் போல நம் மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் விஷயங்களை நண்பர்கள் நன்றாக அறிகிறார்கள். காதுகொடுத்துக் கேட்பது இந்த இரண்டாவது வகை என்பது என் எண்ணம். அது வெளியே நடப்பது, இல்லை என்று ஒப்புக்கொள்வதும் வலிப்பது.

இந்தத் துறையின் நிலைமையையும் சொல்லாமல் விட முடியாது. 2015இல் உளவியலின் 100 ஆய்வுகளைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து மறுபடி செய்து பார்த்தபோது, சுமார் 36 சதவீதத்தில்தான் குறிப்பிடத்தக்க விளைவு மறுபடியும் கிடைத்தது. தமக்கு வேண்டிய முடிவை நோக்கித் தரவுகளைத் தள்ளும் பழக்கம் ஆய்வாளர்களிடமும் இருந்தது, அவர்களுக்கும் அது உள்ளேயிருந்து தெரியவில்லை. இன்று பலர், தரவு திரட்டும் முன்பே தங்கள் ஊகத்தையும் கணக்கிடும் முறையையும் பொதுவில் பதிந்து வைக்கிறார்கள். நேர்மையாக இருங்கள் என்ற உபதேசத்தைவிட அது நிறையச் செய்திருக்கிறது. ஆகவே நான் மேலே சொன்ன எண்களையும் அந்தந்த இடத்தில், அந்த ஆட்களிடம் கிடைத்தவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், மனித குலத்துக்கான மாறிலிகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இது. அடுத்த பத்துக் கூட்டங்களுக்கு, உள்ளே போகும் முன் அன்றைய விஷயத்தில் உங்கள் முடிவு என்ன என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்தபின், யாராவது சொன்னதால் அந்த வரியில் ஏதாவது மாறியதா, மாறியது என்றால் யார் சொன்னதால் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். எத்தனை தடவை மாறும் என்ற உங்கள் கணிப்பை இன்றைக்கே தேதி போட்டு எழுதி மடித்து வையுங்கள். அந்த இரண்டு பேரிடமும் போய், நான் நன்றாகக் கேட்கிறேனா என்று பொதுவாகக் கேட்காதீர்கள், தயவுக்காக நல்ல பதில் சொல்லிவிடுவார்கள். கடைசியாக நான் காது கொடுக்காமல் போனது எந்த நாள், எந்த விஷயம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது விளக்கம் எதுவும் தராமல் எழுதிக்கொள்ளுங்கள். பத்தாவது கூட்டம் முடிந்ததும் மடித்து வைத்த தாளைப் பிரித்து, இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிந்தால் அப்போது அவர்களில் ஒருவரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.